நடுவில் ஒரு நாற்காலி

கிளைப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நம் கட்சியில் எந்தத் தேர்தலிலும் நின்றவன் இல்லை. ஒரே ஒரு முறை ஆசை வந்தது. வீட்டில் சொன்னேன். "நிக்கவா? ஒங்களுக்கு முட்டி வலி வேற இருக்கு" என்றாள் என் மனைவி. அதோடு உட்கார்ந்துவிட்டேன். என் அரசியல் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கேட்பவர்களுக்கு இது போதும். நேரம் இருப்பவர்கள் மேலே படியுங்கள்.

மலாக்கா டவுனில் இருந்த தொகுதி அலுவலகத்தில் வேலை பார்த்தவன் நான். கூட்டத்துக்கு நாற்காலி சொல்வது, பேனர் கட்டுவது, பேச்சாளர் வந்து சேரும்வரை மேடையில் நின்று ஜனங்களைச் சிரிக்க வைப்பது, இதுதான் என் உத்தியோகம். மைக்கைக் கையில் கொடுத்தால் கீழே வைக்க மாட்டேன் என்பதால் 'மைக்' என்பதே பெயராகிவிட்டது. பெரியவர்களுக்கு மைக்கு, உங்களுக்கு மைக் அங்கள்.

அண்மையில் ஆயர் குரோவில் நடந்த பயிற்சியில் என்னையும் கூப்பிட்டுப் பேச வைத்தீர்கள். முடிந்ததும் உங்களில் ஒரு தங்கை எழுந்து கேட்டாள்: "அங்கள், ரெண்டு பக்கமும் பேசிப் பழகுற ஆளுங்களுக்கு நம்ம கட்சியில இன்னும் எடம் இருக்கா? இல்ல சும்மா கேக்குறேன் லா, தப்பா எடுத்துக்காதீங்க."

நான் உடனே, "இருக்கும்மா, கார் பார்க்கிங்லதான் எடமில்ல" என்றேன். மண்டபமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் போத்தல்தான் கண்முன்னால் நின்றது. அவளுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்முடையது பழமை பேணும் கட்சி. மொழி, குடும்பம், அவரவர் வழிபாடு, பெரியவர்களுக்கு மரியாதை, இவற்றையெல்லாம் அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள் என்று சொல்வதற்காகவே ஆரம்பித்தது. யார் எந்த வழிபாடு என்று அந்தக் காலத்தில் கேட்டதில்லை. எதிர்க்கட்சிக்காரனைத் தேர்தலில் தோற்கடிப்போம், அவன் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறுவோம். இரண்டுக்கும் நடுவில் சட்டை மாற்றிக்கொள்வோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் எப்படி 'நடுவர்' ஆனேன் என்பதைச் சொல்ல வேண்டும். தஞ்சோங் கிளிங் கிளையில் குடும்ப விழா. பேனரில் யார் பெயர் முதலில் என்று இரண்டு பேருக்குச் சண்டை. ஒருவர் பெயரை மேலே போட்டால் இன்னொருவர் ஆட்கள் வர மாட்டார்களாம். அலுவலகத்திலிருந்து என்னை அனுப்பினார்கள். நான் யோசித்து, இரண்டு பெயரையும் வட்டமாக அச்சடிக்கச் சொன்னேன். வட்டத்தில் முதல் ஏது, கடைசி ஏது? பேனர் கட்டிய அன்று மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரர் நிறுத்திக் கேட்டார், இங்கே டயர் கடை எப்போது திறக்கிறீர்கள் என்று. சண்டை போட்ட இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றிலிருந்து எங்கே தகராறு என்றாலும், "மைக்க கூப்பிடு, அவன் யார் பக்கமும் இல்ல" என்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. யார் பக்கமும் இல்லை என்பதை ஒரு பட்டம் மாதிரி சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தேன்.

அப்போது தொகுதிச் செயலாளராக இருந்தவர்தான் எனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவர். அதிகம் பேச மாட்டார். நான் முதன்முதலாக ஒரு கூட்டத்துக்கு அவைத்தலைவராக உட்கார்ந்துவிட்டு, கழுத்தில் மாலையோடு இறங்கி வந்தபோது அவர் கேட்டார்: "மேல உக்காந்தியே, கீழ ஒன் எடத்துல யாரு உக்காந்தாங்க?"

"யாருமில்ல சார். காலியாத்தான் இருந்துச்சு."

"அதத்தான் சொல்றேன்" என்றார். பிறகு, "புடிக்கலன்னா நாற்காலிய விட்டு எறங்கலாம். அதுக்கும் விதியில எடம் இருக்கு. மேல இருக்கிறவனுக்கு அது ஞாபகம் வராது" என்று சொல்லிவிட்டுப் பால் விடாத தேநீர், அவருடைய தே ஓ, குடிக்கப் போய்விட்டார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். மாலை அவ்வளவு கனமாக இருந்தது.

இனி அந்தத் தொகுதிக் கூட்டத்துக்கு வருகிறேன்.

அதில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் காதர் நானா, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் என்பதால் 'நானா'. தொகுதித் துணைத் தலைவர், டவுனில் மசாலாக் கடை வைத்திருப்பவர். கட்சி விழாக்களுக்குச் சோறாக்கும் பெரிய குண்டான்கள் இரண்டும் அவர் கடையில்தான் இருக்கும், வைக்க அலுவலகத்தில் இடமில்லாததால். இன்னொருவர் தினேஷ், இளைஞர் பகுதித் தலைவர். நல்ல பையன், கூர்மையான பேச்சு. அவன் பிறந்த தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, அங்கே இருந்த குடும்பங்கள் ஆளுக்கொரு திசையாகப் போய்விட்டன. மாற்று வீடு கேட்டு நாங்கள் பல கூட்டங்களுக்குப் போனோம். நானும் போனேன். மரியாதையாகப் பேசினோம். மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். அதைப் பற்றி தினேஷ் ஒரு முறை எல்லோர் முன்னிலையிலும் சொன்னான்:

"மைக் அங்கள், நீங்க போன கூட்டத்துல எல்லாம் ஒங்களுக்குக் கறிபாப் கெடச்சுச்சு. எங்களுக்கு வீடு கெடைக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உருளைக்கிழங்கு வைத்துப் பொரித்த அந்தக் கறிபாப் நன்றாக இருந்தது என்பதும் உண்மை.

அந்த ஆண்டு ஒரு தமிழ்ப்பள்ளிக்கு வேன் வந்தது. வாங்கிக் கொடுப்பதில் எதிரணிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் பங்கு இருந்தது. ஒப்படைப்பு விழாவில் அவர் ரிப்பன் வெட்டினார். பக்கத்தில் கத்தரிக்கோல் தட்டை ஏந்திக்கொண்டு நின்றவர் நம் காதர் நானா. படம் வாட்ஸ்அப்பில் நம் எல்லோர் கைக்கும் வந்தது. யாரோ அந்தத் தட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்தால் சண்டையை நிறுத்த முடியும் என்று நினைத்திருந்தேன். வட்டத்தால் ஆரம்பிக்கவும் முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

தொகுதி ஆண்டுக்கூட்டத்துக்குத் தினேஷ் ஒரு தீர்மானம் கொடுத்தான்: எதிரணியோடு மேடையைப் பகிர்ந்துகொள்பவர்கள் கட்சியில் பதவி வகிக்கக் கூடாது. பெயர் எதுவும் இல்லை. யாருக்கென்று எல்லோருக்கும் தெரியும். நிறைவேறினால் நானாவின் துணைத் தலைவர் பதவி அன்றைக்கே போகும். அவரோடு சேர்ந்து, இரண்டு பக்கமும் பழகுகிற பழக்கமும் போகும்.

கூட்டத்தை நடத்த வேண்டிய தொகுதித் தலைவர், தொண்டை கட்டிக்கொண்டது என்று அன்று காலையே செய்தி அனுப்பிவிட்டார். அரசியல்வாதியின் தொண்டைக்கு எந்த நாளில் கட்டிக்கொள்ள வேண்டும் என்று நன்றாகத் தெரியும். அடுத்து நடத்த வேண்டியவர் துணைத் தலைவர். ஆனால் பேச்சே அவரைப் பற்றித்தான். ஆகவே அவைக்கு ஒரு நடுவர் வேண்டும்.

தினேஷ்தான் எழுந்தான். "மைக் அங்கள் உக்காரட்டும். அவரு யார் பக்கமும் சாய மாட்டாரு."

"வழிமொழிகிறேன்" என்று இன்னொரு பக்கத்திலிருந்து குரல் வந்தது. திரும்பிப் பார்த்தால் காதர் நானா. "ஏறு தம்பி மைக்கு. நீ உக்காந்தா நாயம் நடக்கும்."

இரண்டு பக்கமும் கைதட்டினார்கள். தொகுதியில் பல வருஷமாக இரண்டு பக்கமும் சேர்ந்து கைதட்டியது அன்றைக்குத்தான், அதுவும் எனக்காக. நானும் புக்கிட் பெருவாங் கிளையின் பேராளர், எனக்கும் ஒரு ஓட்டு உண்டு என்பது ஞாபகத்துக்கு வருவதற்கு முன்பே மேடை ஏறிவிட்டேன். இந்த முட்டிக்கு அன்றைக்கு வலி தெரியவில்லை.

நம் விதி உங்களுக்குத் தெரியும். அவைத்தலைவர் விவாதத்தில் பேசக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது. இரண்டு பக்கமும் சமமாக வந்தால் தீர்மானம் விழுந்தது, பழைய நிலையே தொடரும். பழமை பேணும் கட்சி அல்லவா, சமமாக வந்தால் பழையதுதான் ஜெயிக்கும்.

தினேஷ் பேசினான். கத்தவில்லை. "எனக்கு நானா மேல கோவமில்ல. அவரு கடை மிட்டாய் தின்னு வளந்தவன்தான் நானும். ஆனா வீடு வீடாப் போயி, நாம வேற அவங்க வேறன்னு சொல்லி ஓட்டுக் கேக்குறேன். மறுநாள் நம்ம துணைத் தலைவரு அவங்களுக்குத் தட்டு ஏந்துறாரு. ஜனங்க என்னைக் கேக்குது, 'ரெண்டும் ஒன்னுதானா தம்பி'ன்னு. நான் என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்க லா."

அது நியாயமான கேள்வி. இன்றைக்கும் அதற்கு என்னிடம் சுருக்கமான பதில் இல்லை.

காதர் நானா எழுந்தார். "தட்டு ஏந்துனேன். இல்லன்னு சொல்லல. பிள்ளைங்களுக்கு வேன் வந்துச்சு. ரிப்பன் வெட்டணும், அங்க கத்தரிக்கோல் இல்ல. என் கடையிலேருந்து எடுத்துட்டுப் போனேன். வேற யாரு கையில குடுக்கச் சொல்றீங்க? பிள்ளைங்க கையிலயா?"

"கடைக் கத்தரிக்கோலா நானா அது?" என்று பின்னாலிருந்து ஒருவர்.

"ஆமா, மொளகா மூட்டை வெட்டுறது. ரிப்பன் வெட்டுனவரு அன்னிக்குப் பூரா தும்மிட்டே இருந்தாரு. நம்ம கட்சிக்கு நான் செஞ்ச சேவை அது!"

மண்டபம் குலுங்கியது. தினேஷே சிரித்துவிட்டான். எனக்கு நிம்மதி. ஜனங்கள் சிரித்துவிட்டார்கள், இனிக் கவலையில்லை என்று நினைத்தேன். என் தொழிலே என்னை ஏமாற்றிய இடம் அதுதான். சிரிக்கிறவன் நம் பக்கம் என்று நினைக்கிறவன் நான். சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதிராகக் கை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நம்மை ஏமாற்றவில்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார்கள்.

ஓட்டுக்கு விடும் நேரத்தில் என் பழைய இடத்தைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. அதன்மேல் என் குடையும் காலைப் பத்திரிகையும். பழைய செயலாளர் கேட்ட கேள்வி அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. கீழ ஒன் எடத்துல யாரு?

இறங்கியிருக்கலாம். "மன்னிக்கணும், நான் யார் பக்கமும் இல்லாதவன் இல்ல, எனக்கு ஒரு பக்கம் இருக்கு, வேற ஆளை உக்கார வையுங்க" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம். மைக்கும் கையில்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கமும் கைதட்டி ஏற்றிவிட்ட நாற்காலி. இப்போது இறங்கினால் தினேஷ் என்ன நினைப்பான், நானா என்ன நினைப்பார், நாளைக்கு யாராவது என்னை நடுவர் என்று கூப்பிடுவார்களா? இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் ஆதரிப்பவர்களின் கைகளை எண்ணி முடித்திருந்தேன்.

"எதிர்ப்பவர்கள் கையை உயர்த்தலாம்" என்றேன். சொல்லும்போதே என் கையும் தானாகப் பாதி தூரம் போய்விட்டது. முன்வரிசையில் இருந்தவர், "என்ன அங்கள், மைக்கு சரியா கேக்கலயா?" என்றார்.

நான் மைக்கைச் சரிசெய்தேன்.

ஒரு ஓட்டு வித்தியாசம். சந்தேகம் என்று சொல்லி மறுபடியும் எண்ணினேன். எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை, ஆசைதான். மறுபடியும் அதே ஒன்று. "தீர்மானம் நிறைவேறியது" என்று அறிவித்தேன். என் குரல் தெளிவாக இருந்தது என்று பிறகு பாராட்டினார்கள். அவசரப்பட்டு எதையும் மாற்றாதே என்று சொல்வதற்காக ஆரம்பித்த கட்சி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மாறி முடிந்தது.

காதர் நானா எழுந்து நின்று, "சரி, கட்சி முடிவு" என்றார். பிறகு, ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல, "அந்தப் பெரிய குண்டான் ரெண்டும் கடையில கெடக்கு. யாராச்சும் வேன் கொண்டாந்து எடுத்துக்குங்க" என்றார். சாப்பாட்டுக்கு நிற்காமல் போய்விட்டார்.

தினேஷ் என்னிடம் வந்தான். இரண்டு தட்டில் சோறு எடுத்து வந்து ஒன்றை எனக்குக் கொடுத்தான்.

"அங்கள், நீங்க கீழ இருந்திருந்தா சமமா வந்திருக்கும்."

"அது தெரிஞ்சுதான் என்னைய ஏத்திவிட்டியா?"

அவன் முகம் மாறிவிட்டது. "ஐயோ, இல்ல அங்கள். சாமி சத்தியமா இல்ல. நாயமா எண்ணுறதுக்கு ஒங்கள விட்டா யாரு இருக்கா? அதனாலதான் சொன்னேன்."

அவன் பொய் சொல்லவில்லை. சதி என்றால்கூடப் பரவாயில்லை, திட்டித் தீர்த்திருப்பேன். அவன் என்னை மதித்தான். நானாவும் மதித்தார். இரண்டு பேர் மதிப்பும் சேர்ந்து என் கையை மடியில் வைத்துவிட்டது.

அதற்குப் பிறகு கவனித்தேன், நம் கட்சியில் நடுவில் இருக்கிறவர்களை யாரும் விரட்டுவதில்லை. விரட்டினால் அனுதாபம் வரும். உட்கார வைப்பார்கள். ஒருவருக்கு ஆலோசகர் என்று ஒரு பதவி, ஆலோசனை கேட்பதில்லை. இன்னொருவருக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைமை, தன் நண்பர்களைத் தானே விசாரிக்கும் வேலை. கல்வியாளர் என்று மேடையின் ஓரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு நாற்காலி. யாழ்ப்பாணத்து வம்சம், இலக்கணம் பிசகாமல் பேசுபவர், எல்லாத் தீர்மானத்தையும் பிழை திருத்திக் கொடுப்பார். "தீர்மானம் தப்பு டீச்சர்" என்று ஒரு நாள் சொன்னேன். "தெரியும். எழுத்துப்பிழையாவது இல்லாம இருக்கட்டும்" என்றார்.

அடுத்த ஆண்டுக்கூட்டத்தில் மறுபடியும் என்னை அவைத்தலைவராகக் கூப்பிட்டார்கள். முட்டி வலி என்று சொல்லிக் கீழேயே உட்கார்ந்துகொண்டேன். இந்த முறை விடுவதில்லை, கையைத் தூக்கியே தீருவது என்ற முடிவோடு போயிருந்தேன். ஒரு தீர்மானமும் ஓட்டுக்கு வரவில்லை. எல்லாம் ஏகமனதாக நிறைவேறியது. "ஏகமனதாக" என்று அறிவித்தபோது எழுந்து நின்றேன். அவைத்தலைவர், "என்ன மைக் அங்கள், டாய்லட்டா? அந்தப் பக்கம்" என்றார். நான் அந்தப் பக்கம் போனேன்.

தங்கச்சி, உன் கேள்விக்கு இதுதான் பதில். இடம் இருக்கிறது. நல்ல இடமாகவே இருக்கிறது, மெத்தை வைத்து, நடுவில், மேலே. கூப்பிடும்போது இரண்டு பக்கமும் கைதட்டுவார்கள். ஏறாதே என்று நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் நீ ஏறுவாய், கைதட்டல் அப்படி. ஏறுவதற்கு முன்னால் ஒரு முறை திரும்பி, நீ எழுந்து வந்த பிளாஸ்டிக் நாற்காலியைப் பார். அதில் உன் குடை மட்டும்தான் இருக்கிறது என்றால், மேலே இருந்தாலும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு இறங்கத் தயாராக இரு. தினேஷ் சொன்னதையும் மறந்துவிடாதே. இரண்டு பக்கமும் பழகுகிறவர்கள் அந்த வீடில்லாத ஜனங்களுக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். நாங்கள் கறிபாப்பை வைத்திருந்தோம்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள் காதர் நானா கடைக்குப் போனேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மிளகாய்த்தூள் வாங்க வேறு கடைக்குப் போய்க்கொண்டிருந்தவன் நான். ஏன் என்று வீட்டில் கேட்டபோது, அங்கே காரம் குறைவு என்று சொல்லியிருந்தேன்.

கடையில் குண்டான் இரண்டும் அப்படியே இருந்தன. எடுத்துப் போக யாரும் வரவில்லை. ஒன்றில் காய்ந்த மிளகாய், இன்னொன்றில் மல்லி.

"வாப்பா மைக்கு. செத்துட்டியோன்னு நெனச்சேன்."

"இல்ல நானா, ரிட்டயர் ஆயிட்டேன்."

"ரெண்டும் ஒன்னுதான் லா" என்று சொல்லித் தே ஓ சொன்னார். கட்சியில் யார் எப்படி இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டார். தினேஷைப் பற்றியும் கேட்டார். அவன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேச வாயெடுத்து, இரண்டு முறை மல்லி விலை கேட்டேன்.

கடைசியில், "நானா, அன்னிக்கு நான் கீழ உக்காந்திருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் லா. நான்தானே வழிமொழிஞ்சேன்" என்றார். கல்லாவுக்குப் பின்னாலிருந்த முக்காலியைத் துண்டால் தட்டி என் பக்கம் இழுத்துவிட்டார். "உக்காரு. ஏன் நின்னுக்கிட்டே பேசுற?"

"வேணாம் நானா. இன்னிக்கு நிக்கிறேன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நின்னு என்ன பண்ணப் போற, ஓட்டா போடப் போற? உக்காருப்பா."